“பெரியவன்னு ஒரு மரியாதை வேண்டாமா?”: 71 வயசு வாசகருக்கு ஒரு மனநல ஆலோசகரின் பதில்

நாலு தாள், ரெண்டு பக்கமும் நுணுக்கி எழுதின கடிதம். எழுதினவருக்கு 71 வயசு. 34 வருஷ சர்வீஸ், ரிட்டையர் ஆகும்போது அவருக்குக் கீழ நாப்பது பேர் வேலை பாத்திருக்காங்க. மனைவி தவறி நாலு வருஷம் ஆச்சு, இப்போ மகன், மருமகள், 17 வயசு பேத்தி, 9 வயசு பேரனோட இருக்கார். மூணு வாரம் முன்னாடி செக்கப்புக்காக ஆஸ்பத்திரி போயிருக்கார், இவரே கார் ஓட்டிட்டு, துணைக்கு பேத்தி. கையில டோக்கன் 31, உள்ள போயிட்டு இருந்தது 14. நேரா கவுண்டருக்குப் போய் “வயசான மனுஷன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா”ன்னு அங்க இருந்த பொண்ணுகிட்ட சத்தம் போட்டிருக்கார், 15ஆம் நம்பர் வச்சிருந்த கால்ல கட்டு போட்ட ஒரு பையன் “ஐயா, வரிசை இருக்கு”ன்னு சொன்னதும் அவனுக்கும் திட்டு விழுந்திருக்கு. பேத்தி சட்டைக் கையைப் பிடிச்சு இழுத்துப் பாத்திருக்கா. திரும்பி வரும்போது கார்ல “தாத்தா, எனக்கு ரொம்ப வெக்கமா போச்சு”ன்னு சொல்லியிருக்கா. அன்னிக்கு நின்ன பேச்சு, 22 நாள் ஆச்சாம், அவ மன்னிப்பு கேட்டாதான் பேசுவேன்னு சொல்லிட்டார்.

மத்த குறைகளும் இருக்கு. பேரனோட ஸ்கூல் விஷயத்துல வாய் திறந்தா மகன் “கேட்டா மட்டும் சொல்லுங்கப்பா”ங்கிறார். பஸ்ல காதுல எதையோ மாட்டிக்கிட்டு உக்காந்திருந்த ஒரு பொண்ணு இவரைப் பாத்தும் எழுந்திருக்கல. வீட்ல மருமகளும் பேத்தியும் இவருக்குக் கேக்கக்கூடாதுன்னே முணுமுணுன்னு பேசுறாங்க. டாக்டர் இவரைப் பக்கத்துல வச்சுக்கிட்டே மகன்கிட்ட “அப்பா நல்லா தூங்குறாரா”ன்னு கேக்குறார். ஒரு மோசடி போன் வந்ததுக்கு அப்புறம் ஏடிஎம் கார்டை மகன் வாங்கி வச்சுக்கிட்டார், “பாதுகாப்புக்குத்தாம்பா”ன்னு சொல்லி. இன்னிக்கு இளைஞர்கள் மாதிரி மோசமான தலைமுறை இதுவரைக்கும் வந்ததில்லைன்னு சொல்லி, சாக்ரடீஸ் சொன்னதா வாட்ஸ்அப்ல வந்த ஒரு வாசகத்தையும் எழுதி அனுப்பியிருக்கார். மூணு கேள்வி கேக்குறார்: பேத்தி மன்னிப்பு கேக்கணுமா வேண்டாமா, வயசுக்கு மரியாதை எதிர்பார்க்குறது தப்பா, பேசாம தனியா போயிடலாமா.

ஐயா, வணக்கம்.

உங்களுக்கு பதில் எழுத நாலு நாள் எடுத்துக்கிட்டேன், காரணம் என் வயசு 44. உங்களைவிட 27 வருஷம் சின்னவ, நீங்க எழுதினதுல சிலதை மறுத்துச் சொல்லப் போறேன், அதையும் நீங்க மரியாதைக் குறைவா எடுத்துக்கக்கூடாதேன்னு ஒரு கவலை. ஆனா நாலு தாள் எழுதி என்கிட்ட அபிப்பிராயம் கேட்ட ஒருத்தருக்கு, மனசுல பட்டதை மறைச்சுட்டு இனிப்பா நாலு வரி எழுதி அனுப்புனா அதுதான் அவமரியாதைன்னு தோணுச்சு, அதனால எழுதுறேன்.

முதல்ல மூணாவது தாளோட கடைசி வரி. எழுதிட்டு அடிச்சிருக்கீங்க, மேலயும் கீழயும் ரெண்டு மூணு தடவை கோடு போட்டு. வெளிச்சத்துல பிடிச்சா படிக்க முடியுது. “நான் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்.” இதை நான் பாக்காத மாதிரி கடந்து போக முடியாதுங்கய்யா. மரியாதை கிடைக்கலங்கிற கோவத்துல வந்த வார்த்தையா, இல்ல சாவைப் பத்தி அடிக்கடி நினைப்பு வருதா? ரெண்டாவதுன்னா இந்த பதிலை மேல படிக்கிறதுக்கு முன்னாடி மகன்கிட்டயோ உங்க டாக்டர்கிட்டயோ இன்னிக்கே, இதே வார்த்தையில சொல்லுங்க, நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க. வயசானவங்களுக்கு மனச்சோர்வு வந்தா அது எப்பவும் அழுகையா வராது, நிறைய பேருக்கு எரிச்சலா, சிடுசிடுப்பா, யார் எது சொன்னாலும் குத்துற மாதிரி வரும். ராத்திரி மூணு மணிக்கே முழிப்பு வந்துடுதுன்னு வேற போற போக்குல எழுதியிருக்கீங்க. இதைக் கண்டுபிடிக்க பெரிய டெஸ்ட் எல்லாம் இல்ல, முதியோருக்குன்னே இருக்குற பதினஞ்சு கேள்வி, ஆமா இல்லன்னு பதில் சொன்னா போதும், அதை வச்சு மேல பாக்கணுமான்னு டாக்டர் முடிவு பண்ணுவார். இருந்தா மருந்தும் பேச்சு சிகிச்சையும் 71 வயசுலயும் நல்லாவே வேலை செய்யும்.

சரி, இப்போ நீங்க கேட்டதுக்கு வர்றேன்.

மரியாதைங்கிற ஒரே வார்த்தைக்குள்ள ரெண்டு சமாச்சாரம்

உங்க கடிதத்துல மரியாதைங்கிற வார்த்தை பத்தொன்பது தடவை வருது, எண்ணிப் பாத்தேன். ஆனா எல்லா இடத்துலயும் ஒரே அர்த்தத்துல வரல. சில இடத்துல “என்னை ஒரு மனுஷனா நடத்தணும்”ங்கிறீங்க, சில இடத்துல “நான் சொன்னா கேக்கணும்”ங்கிறீங்க. ஸ்டீஃபன் டார்வால்னு ஒரு தத்துவப் பேராசிரியர் 1977லயே இதைப் பிரிச்சு எழுதினார், மனுஷனா பிறந்த எல்லாருக்கும் சேர வேண்டிய மதிப்பு ஒண்ணு, ஒருத்தரோட குணம், திறமை, நடத்தையைப் பாத்து நாமளா குடுக்குற மதிப்பு இன்னொண்ணு. முதலாவது உங்க உரிமை, யாரும் அதைக் குறைக்க முடியாது, 71 வயசுக்கும் அது உண்டு 7 வயசுக்கும் அது உண்டு, கவுண்டர்ல இருந்த அந்தப் பொண்ணுக்கும் உண்டு. ரெண்டாவதை யாரும் கேட்டு வாங்க முடியாது, வயசு அதுக்கு டிக்கெட்டும் கிடையாது. உங்க கீழ வேலை பாத்த நாப்பது பேர்ல எத்தனை பேர் உங்க நாற்காலிக்காக எழுந்து நின்னாங்க, எத்தனை பேர் உங்களுக்காக எழுந்து நின்னாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், ரிட்டையர் ஆன அப்புறம் யார் போன் பண்றாங்கன்னு பாத்தா போதும்.

இதுல எனக்கு வருத்தமா இருக்குறது என்னன்னா, விட்டுக்குடுக்கவே கூடாத இடத்துல நீங்க பேசாம விட்டுட்டீங்க, விட்டா ஒண்ணும் குறைஞ்சு போகாத இடத்துல இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. ஆஸ்பத்திரி வரிசை விவகாரத்துக்கு ஒன்றரைப் பக்கம், டாக்டர் உங்களைத் தாண்டி மகன்கிட்ட பேசுனதுக்கு ரெண்டே வரி, ஏடிஎம் கார்டுக்கு ஒரே ஒரு வரி.

அந்த மூணு வரியிலதான் உங்க கண்ணியம் உண்மையிலேயே அடி வாங்கியிருக்கு. வயசைக் காரணம் காட்டி ஒருத்தரைக் குறைச்சு நடத்துறதுக்கு ராபர்ட் பட்லர்ங்கிற அமெரிக்க மனநல மருத்துவர் 1969ல ஆங்கிலத்துல ஏஜிசம்னு பேர் வச்சார், நாம வயதுப் பாகுபாடுன்னு சொல்லலாம். 2021ல உலக சுகாதார நிறுவனம் போட்ட அறிக்கை, உலகத்துல ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு முதியவங்களைப் பத்தி இந்த மாதிரி தப்பான எண்ணம் இருக்குன்னு சொல்லுது. அதனால நீங்க கற்பனை பண்ணிக்கலைங்கய்யா, அது நிஜமா நடக்குது, அன்பா பேசுற டாக்டர்கிட்டயும் நடக்குது, பாசமான மகன்கிட்டயும் நடக்குது.

டாக்டர்கிட்ட அடுத்த தடவை “டாக்டர், தூக்கத்தைப் பத்தி என்கிட்டயே கேளுங்க, எனக்கு ஞாபகம் நல்லா இருக்கு”ன்னு சொல்லுங்க, குரலை உயர்த்த வேண்டாம். சுயநினைவோட முடிவெடுக்கக் கூடிய ஒரு பெரியவரோட உடம்பைப் பத்தி அவர்கிட்டதான் முதல்ல பேசணும், மகன் கூட இருக்கலாமா வேண்டாமாங்கிறதும் உங்க விருப்பம்தான். கார்டு விஷயத்துல மகனோட பயம் நியாயமானது, ஆனா உங்களைக் கேக்காம எடுத்துக்கிட்டது சரியில்ல. “கார்டைக் குடு, அதுக்குப் பதிலா ஒரு நாளைக்கு எடுக்குற தொகைக்கு வரம்பு வச்சுக்கலாம், பணம் போனா உனக்கும் எனக்கும் மெசேஜ் வர்ற மாதிரி பண்ணிக்கலாம், தெரியாத போன் வந்தா உன்னைக் கேக்காம எதையும் அமுக்க மாட்டேன்”னு பேசிப் பாருங்க. அந்த மாதிரி போன்ல படிச்சவங்க, சின்ன வயசுக்காரங்க எல்லாரும்தான் ஏமாறுறாங்க, அது வயசோட குத்தம் இல்ல.

வரிசையில முந்துறதும் வயசும்

இப்போ கஷ்டமான பகுதி. அன்னிக்கு உங்களுக்கு முட்டி வலி அதிகமா இருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அப்போ “எனக்கு முட்டி வலி, நிக்க முடியல, கொஞ்சம் முன்னாடி விடுவீங்களா, இல்ல உக்கார ஒரு நாற்காலி கிடைக்குமா”ன்னு கேட்டிருந்தா அந்த ஹால்ல இருந்த முக்கால்வாசி பேர் வழி விட்டிருப்பாங்கன்னு நினைக்கிறேன். நிறைய இடத்துல முதியவங்களுக்குத் தனி வரிசையே இருக்கு, அதுவும் சரியானதுதான், ஏன்னா அது உடம்போட தேவையைப் பாத்து வச்சது. நீங்க வலியைச் சொல்லல, வயசைச் சொன்னீங்க, அதுவும் பதவி மாதிரி சொன்னீங்க. தேவையைச் சொல்லிக் கேட்டா எதிர்ல இருக்குறவங்க மனசு இளகும், தகுதியைச் சொல்லி அதட்டுனா அவங்க பின்வாங்குவாங்க, இல்லன்னா எதிர்த்து நிப்பாங்க. கால்ல கட்டு போட்ட பையனுக்கும் நிக்கிறது வலிச்சிருக்கும் இல்லையா? அவன் நம்பர் 15ங்கிறதும், கட்டு இடது கால்லன்னும் நீங்கதான் எனக்கு எழுதியிருக்கீங்க. கோவத்துல இருந்த மனுஷன் இவ்வளவு கவனிச்சு, மூணு வாரம் கழிச்சும் மறக்காம எழுதுறார்னா, அந்தப் பையனைத் திட்டுனது உங்களுக்கே உள்ள உறுத்துதுன்னுதான் எனக்குப் படுது.

பஸ் விஷயமும் இதேதான், “அம்மா, நிக்க முடியல, கொஞ்சம் எழுந்துக்கிறியா”ன்னு வாய் விட்டுக் கேட்டா போதும். அந்தப் பொண்ணுக்கு அன்னிக்கு என்ன உடம்போ நமக்குத் தெரியாது.

இந்தத் தலைமுறை மோசம்ங்கிற எண்ணம்

அந்த சாக்ரடீஸ் வாசகம் சாக்ரடீஸ் சொன்னது இல்லைங்கய்யா. பிள்ளைங்க சொகுசை விரும்புறாங்க, பெரியவங்களை மதிக்கிறதில்லன்னு போற அந்த வரிகள், கென்னத் ஜான் ஃப்ரீமன்ங்கிற கேம்பிரிட்ஜ் மாணவர் எழுதி 1907ல வெளியான ஒரு ஆய்வுல இருந்து வந்தது, பழைய கிரேக்கத்துல பெரியவங்க என்னவெல்லாம் குறை சொன்னாங்கன்னு அவர் தன் வார்த்தையில தொகுத்து எழுதினது, அப்புறம் யாரோ சாக்ரடீஸ் பேரை ஒட்டிட்டாங்க. ஆனா அதுக்குள்ள ஒரு உண்மை இருக்கு, இந்தக் குறை ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. ஒவ்வொரு தலைமுறையும் அடுத்ததைப் பாத்து இதையே சொல்லிக்கிட்டு வந்திருக்கு. 2019ல ஜான் ப்ராட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர்னு ரெண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவுல இதை ஆராய்ஞ்சு பாத்தாங்க. அதிகாரத்துக்குக் கட்டுப்படணும்ங்கிற எண்ணம் யாருக்கு அதிகமோ, அவங்களுக்குத்தான் “இன்னிக்குப் பிள்ளைங்க பெரியவங்களை மதிக்கிறதில்ல”ன்னு அதிகமா தோணுது. இன்னிக்கு நாம எப்படி இருக்கோமோ அதே கண்ணாடியைப் போட்டுக்கிட்டு பழைய காலத்தையும் பாக்குறோம், அதனால அன்னிக்கு எல்லாரும் ஒழுங்கா இருந்த மாதிரியே ஞாபகம் வருது. நீங்க 17 வயசுல உங்க தாத்தாகிட்ட எப்படி இருந்தீங்கன்னு உங்க அக்காவைக் கேட்டுப் பாருங்க, இன்னும் உங்க கூட பேசுறாங்கன்னு எழுதியிருக்கீங்களே.

அந்த முணுமுணுப்பு பத்தியும் ஒண்ணு சொல்லணும். காதை டெஸ்ட் பண்ணிக்கோங்க, தயவுசெஞ்சு. 60 தாண்டினவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்குக் கேக்குற திறன் குறையுதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வயசுல வர்ற காது மந்தம் முதல்ல கீச்சுன்னு இருக்குற மெல்லிய ஒலிகளைத்தான் எடுத்துக்கிட்டு போகும், அதனால பெண்கள் குரலும் குழந்தைங்க குரலும்தான் முதல்ல தெளிவில்லாம போகும், பேசுறாங்கன்னு தெரியும், என்ன சொல்றாங்கன்னு பிடிபடாது. மகன் பேசுறது சரியா கேக்குது, மருமகளும் பேத்தியும்தான் முணுமுணுக்குறாங்கன்னு நீங்க எழுதியிருக்குறதைப் படிச்சதும் எனக்கு இதுதான் முதல்ல தோணுச்சு. என் அப்பாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு, ரெண்டு வருஷம் என்மேல கோவமா இருந்தார், காது மிஷின் வச்ச அப்புறம்தான் நான் அவரைக் குத்திப் பேசவே இல்லன்னு அவருக்குப் புரிஞ்சுது. அந்த ரெண்டு வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்காது, அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

மகன் சொன்ன “கேட்டா மட்டும்”

அந்த வார்த்தை வலிக்கும், இல்லன்னு சொல்லல. மகன் அதை வேற விதமா சொல்லியிருக்கலாம், அவர் எழுதியிருந்தா அவருக்கும் இதைச் சொல்லியிருப்பேன். ஆனா அவர் சொல்ல வந்ததுல நியாயம் இருக்கு, பேரனை எந்த ஸ்கூல்ல போடணும்ங்கிற முடிவு பெத்தவங்களோடது. அப்போ உங்க அனுபவத்துக்கு வேலையே இல்லையான்னு கேப்பீங்க. எரிக் எரிக்சன்னு ஒரு உளவியலாளர் மனுஷ வாழ்க்கையை எட்டுக் கட்டமா பிரிச்சு 1950ல எழுதினார், நடு வயசுல அடுத்த தலைமுறையை வளர்த்து விடணும்ங்கிற தாகம் வரும், கடைசிக் கட்டத்துல திரும்பிப் பாத்து, வாழ்ந்த வாழ்க்கை சரியாத்தான் இருந்துச்சுங்கிற நிறைவு வரணும், அது வரலன்னா விரக்தி வரும்னு சொன்னார். என்கிட்ட வர்ற ரிட்டையர் ஆனவங்க நிறைய பேருக்கு அந்த தாகம் அடங்காமலே இருக்கு, குடுக்க நிறைய இருக்கு, வாங்கிக்க ஆள் இல்ல. ஆபீஸ்ல குடுக்குறதுக்கு ஒரே வழிதான் இருந்துச்சு, உத்தரவு போடுறது. வீட்ல அது செல்லாது. “இதைப் பத்தி எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?”ன்னு கேட்டுட்டு, சொல்லிட்டு, அவங்க அதை எடுத்துக்கலன்னாலும் அடுத்த நாள் அதைத் திரும்ப எடுக்காம இருந்து பாருங்க ஒரு மாசம். கஷ்டமா இருக்கும், 34 வருஷப் பழக்கம். ஐக்கிய நாடுகள் சபை 1991ல முதியவங்களுக்குன்னு 18 கொள்கை வகுத்துச்சு, அதுல தங்களோட அறிவையும் திறமையையும் இளைய தலைமுறைகூட பகிர்ந்துக்க முதியவங்களுக்கு வாய்ப்பு இருக்கணும்னே எழுதியிருக்கு, பகிர்ந்துக்கன்னுதான் வார்த்தை, அதைக் கொஞ்சம் கவனிங்க.

தனியா போறதைப் பத்தி. போகவே கூடாதுன்னு சொல்ல மாட்டேன், தனியா இருந்து நிம்மதியா இருக்குற 75, 80 வயசுக்காரங்களை எனக்குத் தெரியும், பிள்ளைங்களோட உறவும் அவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க யோசிச்சுப் போனவங்க. நீங்க இப்போ போறது “நான் இல்லாம தவிக்கட்டும்”னு போற போக்கு, நீங்களே அப்படித்தான் எழுதியிருக்கீங்க. அப்படிப் போனா தினமும் போன் வருதான்னு பாத்துக்கிட்டே உக்காந்திருப்பீங்க, வராத ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் காயம். மனைவி இல்லாத வீட்டுத் தனிமை வேற, அதுவும் இந்தத் தூக்கமில்லாத நேரத்துல. ஆறு மாசம் தள்ளிப் போடுங்க, காது, தூக்கம், மனச்சோர்வு மூணையும் பாத்துக்கிட்டு, கோவம் இல்லாத ஒரு நாள்ல மகனோட உக்காந்து வாடகை, வைத்தியம், அவசரத்துக்கு யாருன்னு எல்லாம் கணக்குப் போட்டுப் பேசுங்க. அப்பவும் வேணும்னு தோணுச்சுன்னா போங்க, அது உங்க உரிமை.

பேத்தி

கடைசியா வச்சதுக்குக் காரணம், இதுக்கான பதில் உங்க கடிதத்துலயே இருக்கு, நீங்க எழுதின ஒரு வரியை நீங்களே தாண்டிப் போயிட்டீங்க. ஆஸ்பத்திரியில அவ உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. சட்டைக் கையை மட்டும் பிடிச்சு இழுத்தா. வாசல் தாண்டி, கார்ல ஏறி, ரெண்டு கதவையும் சாத்தின அப்புறம்தான், நீங்களும் அவளும் மட்டும் இருக்கும்போதுதான் வாயைத் திறந்தா. அத்தனை பேர் முன்னாடி தாத்தாவைக் குறைச்சுடக் கூடாதுன்னு ஒரு 17 வயசுப் பொண்ணு அவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு நின்னிருக்கா. நீங்க தேடிக்கிட்டு இருக்குற மரியாதை அன்னிக்கு உங்க பக்கத்து சீட்லயே உக்காந்துட்டு வந்திருக்கு. அப்புறம் அந்த வெக்கம்ங்கிற வார்த்தை. யாரோ ஒருத்தர் சத்தம் போட்டா நாம முகம் சுளிச்சுட்டுப் போயிடுவோம், நம்ம மனுஷன் சத்தம் போட்டாதான் நமக்கு வெக்கமா இருக்கும்.

அதனால என் அபிப்பிராயம், அவ மன்னிப்பு கேக்க வேண்டியதில்ல. உங்க முகத்துக்காக அவளை வற்புறுத்திக் கேக்க வச்சா, மனசுல பட்டதைத் தாத்தாகிட்ட சொல்லவே கூடாதுன்னு கத்துக்குவா, அப்புறம் அந்த வீட்ல உங்ககிட்ட உண்மை பேசுற ஆள் ஒண்ணு குறையும். 22 நாள் மௌனத்தை யார் முதல்ல உடைக்கிறதுன்னா, பெரியவர் நீங்கதான் உடைக்கணும், வயசுக்கு ஒரு கடமை இருக்குன்னா அது இதுதான்னு நான் நம்புறேன். பெருசா பேச்சு ஒண்ணும் வேண்டாம். “அன்னிக்கு முட்டி வலியில கத்திட்டேன்மா, நீ சட்டையைப் பிடிச்சு இழுத்தப்பவே நிறுத்தியிருக்கணும்.” இவ்வளவுதான். அவ அழலாம், இல்ல “சரி தாத்தா”ன்னு சொல்லிட்டுப் போயிடலாம், ரெண்டுக்கும் தயாரா இருங்க. அடுத்த செக்கப் எப்போன்னு எழுதல நீங்க, அதுக்கும் அவளையே கூட்டிட்டுப் போங்க, முடிஞ்சா காது டெஸ்ட்டையும் அன்னிக்கே முடிச்சுடுங்க.

போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க. அந்த அடிச்ச வரியைப் பத்தி நான் கேட்ட கேள்விக்கு மட்டும் அதுவரைக்கும் காத்திருக்காம, இதைப் படிச்ச உடனே பதில் போடுங்க.